உடைந்த ட்ரஸ் ராடுக்குப் பின்: ஒரு மாற்று நெக்கும் அதைப் பொருத்திய பட்டறையும்

ஸ்ட்ராட் (ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றுக்காக வெளிநாட்டிலிருந்து தருவித்த மாற்று நெக்கையும் (கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்துப் பகுதி), அதைப் பொருத்திக் கொடுத்த கோடம்பாக்கத்துப் பட்டறையையும் பற்றி, ஐந்து மாதம் வாசித்துப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். நெக் நல்ல நெக் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் விற்பனைப் பக்கத்தில் சொல்லப்படுவதுபோல் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினால் முடிந்துவிடும் வேலை இது அல்ல. பணத்தில் பாதிக்குக் குறையாத மதிப்பு, பொருத்தியவரின் கையில் இருந்தது.

பழைய நெக்குக்கு நேர்ந்ததை முதலில் சொல்ல வேண்டும். 10 நம்பர் கம்பி செட்டைப் போட்டு வழக்கமான சுருதியில் முறுக்கினால் ஆறு கம்பிகளும் சேர்ந்து நெக்கை ஏறத்தாழ 46 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்கும். அந்த இழுவையில் நெக் வில்போல் வளையாமல் காப்பது மரத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் செட்டப் (கம்பியின் உயரத்தையும் சுருதியையும் சரிப்படுத்தும் வேலை) செய்யக் கொடுத்தபோது, அங்கே அளவு பொருந்தாத ஆலன் கீயைப் போட்டுத் திருப்பியதில் ராடின் தலையில் இருந்த அறுகோணக் குழி மழுங்கிப் போனது. அதன் பிறகு எந்தக் கீயும் அதில் பிடிக்கவில்லை. கடைசியாக வேறொருவர் இடுக்கியால் பிடித்துத் திருகியபோது மரை அறுந்து, ராட் முற்றிலும் செயலிழந்தது. அடுத்த ஒரு வருடத்தில், நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான ஃப்ரெட்களில் 12ஆவதன் மேல் கம்பியின் உயரம் மூன்றரை மில்லிமீட்டரைத் தாண்டியது. மேல் ஃப்ரெட்களில் எந்தக் கார்டைப் பிடித்தாலும் சுருதி கூடி ஒலித்தது. அரை மணி நேரம் வாசித்தால் இடது கைக் கட்டைவிரல் வலித்தது.

ராடை மாற்றலாமா என்று கேட்டேன். ஃப்ரெட்கள் பதித்த மேற்பலகையான ஃப்ரெட்போர்டைச் சூடாக்கிப் பிரித்தெடுத்து, ராடை மாற்றி, மறுபடி ஒட்டி, ஃப்ரெட்களையும் சீர்செய்ய வேண்டும் என்றார்கள். அந்தக் கூலி புது நெக்கின் விலைக்கு அருகில் வந்தது. நெக்கை உடலோடு ஒட்டிவிட்ட கிட்டாராக இருந்தால் எனக்கு வேறு வழி இருந்திருக்காது. என்னுடையது திருகால் பிணைத்த நெக். இதன் ஆங்கிலப் பெயரான 'போல்ட்-ஆன்' என்பதில் போல்ட் என்ற சொல் இருந்தாலும் உள்ளே இருப்பவை நான்கு மரத்திருகுகள்தான். உடலின் பின்பக்கமுள்ள உலோகத் தகட்டின் வழியாக நுழைந்து நெக்கின் அடிக்கட்டையைப் பிடிக்கின்றன.

இந்த அமைப்பை எலக்ட்ரிக் கிட்டாரில் பரவலாக்கிய லியோ ஃபெண்டர் அடிப்படையில் ரேடியோ பழுதுபார்ப்பவர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் 1938இல் ரேடியோ கடை வைத்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கெட்டுப்போன பாகத்தைக் கழற்றி நல்ல பாகத்தை மாட்ட வேண்டும் என்ற பழுதுபார்ப்பவரின் பார்வை அவருடைய கிட்டார்களில் அப்படியே தெரிகிறது. 1950இல் அவர் கொண்டுவந்த எஸ்கொயர் என்ற மாடலின் முதல் கிட்டார்களில் ட்ரஸ் ராடே கிடையாது. கெட்டியான மேப்பிள் மரமே போதும் என்று முதலில் எண்ணியிருக்கிறார்கள், அந்த எண்ணத்தை விரைவிலேயே மாற்றிக்கொண்டார்கள். 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது ராடும் நான்கு திருகுகளும் அதில் இருந்தன. எழுபது ஆண்டுகள் கழித்து சென்னையில் இருக்கும் எனக்கு ஒரு கிட்டாரைத் தூக்கிப் போடாமல் காப்பாற்ற முடிந்ததற்கு அந்த ரேடியோ கடைக்காரருக்கு நான் உண்மையாகவே நன்றி சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன் அளவெடுப்பதில் இரண்டு வாரம் செலவழித்தேன். முதலில் பார்க்க வேண்டியது ஸ்கேல் நீளம். ஸ்ட்ராட் வகையில், நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் நட்டிலிருந்து, உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் நகரும் பகுதியான சேடில் வரை 25.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 648 மி.மீ. நட்டின் விளிம்பிலிருந்து 12ஆவது ஃப்ரெட்டின் நடுவரை அளந்தால் அதில் சரிபாதியான 324 மி.மீ. வர வேண்டும். 12ஆவது ஃப்ரெட்டிலிருந்து சேடிலுக்கும் அதே தூரம் இருந்தால்தான், சேடிலை முன்னும் பின்னும் நகர்த்திச் சுருதியைச் சரிசெய்ய இடம் கிடைக்கும். இன்னொரு கிட்டார் நிறுவனமான கிப்சன் வகையின் 24.75 அங்குல நெக்கை இந்த உடலில் பொருத்தினால் சேடிலை எவ்வளவு நகர்த்தினாலும் சுருதி சேராது. ஆனால் 21 ஃப்ரெட் நெக்குக்குப் பதிலாக 22 ஃப்ரெட் நெக் வாங்குவதில் அந்தச் சிக்கல் இல்லை. கடைசி ஃப்ரெட்டுக்காக ஃப்ரெட்போர்டு மட்டும் அடிக்கட்டையைத் தாண்டிச் சிறிது வெளியே நீண்டிருக்கும். அடிக்கட்டை அதே இடத்தில்தான் உட்காரும். பிறகு உடலின் மேலுள்ள தகடான பிக்கார்டைக் கழற்ற வேண்டுமானால் நெக்கைத் தளர்த்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது அடிக்கட்டை. அகலம் 56 மி.மீ., ஃப்ரெட்போர்டோடு சேர்ந்த தடிமன் ஏறத்தாழ 25 மி.மீ., உடலில் அது உட்காரும் குழியின் ஆழம் 16 மி.மீ. ஆகியவை வழக்கமான அளவுகள். ஸ்ட்ராட் அடிக்கட்டையின் முனை வளைவாகவும் ஃபெண்டரின் இன்னொரு மாடலான டெலிகாஸ்டரின் முனை நேராகவும் இருக்கும் என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வாங்கிவிடக் கூடாது. என்னுடைய கிட்டார் இந்தோனேசியாவில் செய்தது. ஆசியத் தொழிற்சாலைகளில் செய்யப்படும் சில கிட்டார்களில் குழியின் அகலம் அரை மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருப்பது உண்டு. வெர்னியரால் அளந்தபோது எனக்கு 56.4 வந்தது. 56 மி.மீ. அடிக்கட்டை அதில் உட்காரும், கொஞ்சம் அசையும். அதை ஏற்றுக்கொண்டே ஆர்டர் செய்தேன்.

நான் வாங்கியது ஃபெண்டர் நிறுவனத்திடம் உரிமம் பெற்ற ஒரு தயாரிப்பாளரின் நெக். உரிமம் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். ஸ்ட்ராட்டின் உடல் வடிவத்தை வணிகச் சின்னமாகப் பதிய ஃபெண்டர் செய்த விண்ணப்பத்தை அமெரிக்க வணிகச் சின்ன வாரியம் 2009இல் மறுத்துவிட்டது; நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் வடிவமோ இன்றும் அந்த நிறுவனத்தின் சின்னம். அதனால்தான் அதே வடிவில் தலை வைத்த நெக்கை விற்பவர்கள் உரிமம் பெறுகிறார்கள். வாங்குபவருக்கு இதனால் கிடைக்கும் பயன், அடிக்கட்டையும் ஸ்கேலும் மூல அளவை ஒட்டியே இருக்கும் என்ற நம்பிக்கை. இதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குப் பெயரில்லாத நெக்குகள் நிறையக் கிடைக்கின்றன. நண்பர் ஒருவர் வாங்கிய அப்படிப்பட்ட நெக்கில் நட்டிலிருந்து 12ஆவது ஃப்ரெட் வரை 322 மி.மீ.தான் இருந்ததை என் கையால் அளந்து பார்த்தேன். அதில் எந்தச் செட்டப்பும் சுருதியைக் கொண்டுவராது.

மேப்பிள் நெக், ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு, 22 ஃப்ரெட், ஃப்ரெட்போர்டின் மேல்வளைவுக்கு 9.5 அங்குல ஆரம், நட்டின் அகலம் 42 மி.மீ. என்று தேர்ந்தெடுத்தேன். மேப்பிள் ஃப்ரெட்போர்டு அழகுதான், ஆனால் அதன் மேலும் பூச்சு போட வேண்டும். ஃப்ரெட்களுக்கு நடுவே சீராகப் பூசுவது வீட்டில் செய்யக்கூடிய வேலை இல்லை. ரோஸ்வுட்டுக்கு எண்ணெயே போதும். இந்த மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உலகச் சந்தையில் கிழக்கிந்திய ரோஸ்வுட் என்று விற்கப்படுவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வார்கள். அதைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டு தனிச் சட்டமே இயற்றப்பட்டது. இந்த இன மரங்கள் அனைத்தையும் 2017இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது, இசைக்கருவிகளை எல்லை தாண்டி அனுப்பவே ஆவணம் தேவைப்பட்டது. 2019இல் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்கு அளித்த பிறகே இப்படி ஒரு நெக்கைச் சிரமமின்றித் தருவிக்க முடிகிறது. பெட்டியைத் திறந்து அந்தக் கருஞ்சிவப்புப் பலகையைத் தடவியபோது எனக்கு கூடலூர்ச் சாலையோர மரங்கள் நினைவுக்கு வந்தன.

பொருளின் தரத்துக்கு வருகிறேன். அஞ்சல் செலவும் வரியும் சேர்த்து 19,800 ரூபாய் ஆனது. மேப்பிளில் மரவரி நேராக ஓடியிருந்தது. கண்ணருகே பிடித்து நட்டிலிருந்து பார்த்தபோது முறுக்கம் தெரியவில்லை. ஃப்ரெட்களின் ஓரங்கள் உருட்டித் தேய்க்கப்பட்டிருந்தன, விரலை ஓடவிட்டால் எங்கும் கிழிக்கவில்லை. ட்ரஸ் ராட் ஹெட்ஸ்டாக் பக்கத்திலிருந்து திருப்பும் இருவழி ராட், அதாவது நெக்கை முன்னும் பின்னும் வளைக்கவல்லது. கீயைப் போட்டவுடன் இறுக்கமாகப் பிடித்தது. பழைய நெக்கில் பட்ட பாட்டுக்குப் பிறகு, அந்தக் கீ ஆடாமல் அசையாமல் உட்கார்ந்ததே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. குறை என்றால், 14ஆவது ஃப்ரெட் பக்கத்து ஃப்ரெட்களைவிடச் சற்று எழுந்து நின்றது. நட்டில் கம்பிக்கான பள்ளங்கள் பெயருக்குத்தான் வெட்டப்பட்டிருந்தன. இவை இரண்டும் இந்த விலை நெக்குகளில் எதிர்பார்க்க வேண்டியவையே.

எதிர்பார்க்காதது, கம்பியை முறுக்கும் ட்யூனருக்கான துளை. என்னிடம் இருந்தவை பழைய பாணி ட்யூனர்கள். அவற்றின் தண்டைச் சுற்றி அமரும் உலோக வளையமான புஷ்ஷுக்கு ஏறத்தாழ 8.8 மி.மீ. துளை வேண்டும். வந்த நெக்கில் இருந்ததோ புதிய பாணி ட்யூனர்களுக்கான 10 மி.மீ. துளை. விற்பனை விவரத்தில் ஃப்ரெட்டின் உயரம் முதல் புள்ளிக்குறிகளின் நிறம் வரை எல்லாம் இருந்தது, இந்த ஓர் அளவு மட்டும் இல்லை. விற்றவருக்கு எழுதிக் கேட்டதற்கு, முன்பே விசாரித்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. திருப்பி அனுப்ப முடியாத தூரத்திலிருந்து ஒரு பொருளை வாங்குபவருக்கு அதில் உள்ள ஒவ்வொரு துளையின் அளவையும் சொல்ல வேண்டியது விற்பவரின் கடமை. இடைவெளியை நிரப்பும் மாற்று புஷ்கள் கிடைத்ததால் பழைய ட்யூனர்களையே வைத்துக்கொள்ள முடிந்தது; பத்து நாளும் 900 ரூபாயும் கூடுதலாகப் போயின.

அடிக்கட்டையில் திருகுத் துளைகள் போடப்படாத நெக்கைத்தான் நான் கேட்டு வாங்கினேன். நான்கு துளைகளின் இடம் கிட்டாருக்குக் கிட்டார் ஒரு மயிரிழை மாறும். முன்பே துளையிட்ட நெக் வந்து என் உடலின் துளைகளோடு சேராவிட்டால் பழைய துளையை அடைத்து மறுபடி துளையிட வேண்டும். துளையில்லாத நெக்கில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் துளையிடுபவருக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு. அதை நானே செய்து பார்க்கத் துணியாமல், திரையிசைக் கலைஞர்கள் பலருடைய கருவிகளைப் பார்க்கும் ஒரு சிறிய பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். மாடிப்படிக்குக் கீழே, இரண்டு பேர் நிற்க இடமுள்ள அறை. வயது அறுபதைத் தாண்டிய அந்தப் பெரியவர் நெக்கை வாங்கி, இரு முனைகளிலும் விரல் மடிப்பால் தட்டிப் பார்த்தார். "தம்பி, இது ஏசி ரூம்லேருந்து வந்த மரம். நம்ம ஊர்க் காத்து ரெண்டு வாரம் குடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். பூச்சில்லாத மேப்பிள் ஈரத்தை உறிஞ்சும், வறண்டால் சுருங்கும். கடலோர ஊரில் அப்படியே விட்டால் நெக் முறுக்கிக்கொள்ளும். சில தயாரிப்பாளர்கள் பூச்சில்லாமல் பயன்படுத்திய நெக்குக்கு உத்தரவாதமே தருவதில்லை. இரண்டு வாரம் கழித்து, பின்புறத்தில் டங் என்ற மரத்தின் விதை எண்ணெயை மெல்லிய துணியால் நாளுக்கு ஒரு பூச்சாக நான்கு நாள் தேய்த்தார். எண்ணெய்ப் பூச்சு பாலியூரித்தேன் அளவுக்கு ஈரத்தைத் தடுக்காது என்பதை அவரே சொன்னார். விரல் வழுக்கி ஓடும் அந்தத் தொடுகைக்காக நான்தான் எண்ணெயைக் கேட்டேன்.

துளையிட்ட நாளில் கூடவே இருந்தேன். நெக்கை உடலின் குழியில் உட்கார வைத்து இறுக்கியால் பிடித்தார். பிறகு மீன்பிடி நரம்பு இரண்டை எடுத்து, நட்டின் முதல் பள்ளத்திலிருந்து முதல் சேடிலுக்கு ஒன்று, ஆறாவது பள்ளத்திலிருந்து ஆறாவது சேடிலுக்கு ஒன்று என்று இழுத்துக் கட்டினார். குழி அரை மில்லிமீட்டர் அகலமாக இருந்ததால் நெக் இரு பக்கமும் சற்று அசைந்தது. அந்த அசைவையே பயன்படுத்தி, இரண்டு நரம்புகளும் ஃப்ரெட்போர்டின் இரு ஓரங்களிலிருந்தும் ஒரே தூரத்தில் வரும்வரை, கடைசி ஃப்ரெட்டின் அருகே எஃகு அளவுகோலை வைத்து வைத்து நகர்த்தினார். இதற்கே இருபது நிமிடம் ஆனது. இந்த இருபது நிமிடத்தை மிச்சப்படுத்துபவர்கள் பொருத்தும் நெக்குகளில்தான் முதல் கம்பி வாசிக்கும்போது ஓரத்தில் நழுவி விழுகிறது. இடம் சரியானதும், உடலின் துளைக்குள் இறுக்கமாக நுழையும் பிட் ஒன்றைக் கையால் விட்டு, ஒரே ஒரு திருப்பு. நெக்கின் அடியில் நான்கு சிறு புள்ளிகள் விழுந்தன. நெக்கை எடுத்து, நிலையாக நிற்கும் துளையிடும் மெஷினில் 3.2 மி.மீ. பிட்டால் அந்தப் புள்ளிகளில் துளைத்தார். திருகு நெக்குக்குள் இறங்குவது ஏறத்தாழ 16 மி.மீ.; பிட்டின் அந்த உயரத்தில் சிவப்பு டேப்பைக் கொடிபோல் ஒட்டியிருந்தார். அந்தக் கொடி மரத்தூளை விலக்கித் தள்ளும் கணத்தில் கையை நிறுத்தினார். அதைத் தாண்டிப் போனால் பிட் ஃப்ரெட்போர்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும்.

அடுத்து அவர் செய்ததைத் தாமாகப் பொருத்த நினைக்கும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். திருகு ஒன்றை எடுத்து உடலின் துளைக்குள் விரலால் தள்ளினார். அது மரத்தைக் கடித்து நின்றது. உடனே அந்த நான்கு துளைகளையும் 4.5 மி.மீ. பிட்டால் அகலமாக்கி, திருகு தானாகக் கீழே விழும்படி செய்தார். உடலின் மரத்தைத் திருகு கடித்தால், எவ்வளவு இறுக்கினாலும் நெக்குக்கும் குழிக்கும் நடுவே ஒரு காகித இடைவெளி நின்றுவிடும். திருகு தளரத் தளர சுருதியும் தளரும். உடலில் தளர்வாகவும் நெக்கில் மட்டும் பிடிப்பாகவும் இருந்தால்தான் இரண்டு மரமும் ஒன்றை ஒன்று அழுத்தும். என் பழைய நெக் பல ஆண்டுகளாக அந்த இடைவெளியோடுதான் இருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது. திருகுகளின் மரையை மெழுகுவத்தியில் தேய்த்து, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ட்யூனர்களின் குட்டித் திருகுகளுக்கும் துளையிட்டு மெழுகு தடவித்தான் போட்டார். மேப்பிளின் கெட்டியில் துளையில்லாமல் திருகினால் அவற்றின் தலை முறிந்துவிடும்.

எழுந்து நின்ற 14ஆவது ஃப்ரெட்டை அரத்தால் தேய்த்து, அதன் மேல்முனையைத் திரும்ப உருட்டி மெருகேற்றினார். நட்டின் பள்ளங்களை ஒவ்வொரு கம்பியின் தடிமனுக்கும் தனித்தனி அரத்தால் இறக்கினார். கம்பி கட்டிய பின் ஏழாவது ஃப்ரெட் அருகே 0.25 மி.மீ. வளைவும், 17ஆவது ஃப்ரெட்டில் 1.6 மி.மீ. கம்பி உயரமும் வைத்துக் கொடுத்தார். இவை ஃபெண்டர் பரிந்துரைக்கும் அளவுகளே. ரிதம் வாசிக்கும் எனக்கு அவை சரியாக இருக்கின்றன. கூலி 5,500 ரூபாய் வாங்கினார். அந்த வேலைக்கு அது குறைவு என்று நினைக்கிறேன். குறை சொல்ல வேண்டுமானால், பட்டறையில் ரசீது கிடையாது, சொன்ன தேதியில் தருவதும் கிடையாது. ஒரு மாதம் என்றது ஏழு வாரம் ஆனது. அவசரமாக மேடைக்குக் கிட்டார் வேண்டியவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒலியில் என்ன மாற்றம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பழைய நெக்கில் மூன்றாம் கம்பியை 12ஆவது ஃப்ரெட்டில் தட்டினால் ஸ்வரம் இரண்டு நொடியில் அடங்கிவிடும். நெக்கின் சொந்த அதிர்வெண்ணும் ஸ்வரமும் ஒன்றாகும் இடத்தில் கம்பியின் ஆற்றலை மரம் உறிஞ்சிக்கொள்வதால் இது நேர்கிறது. புதிய நெக்கில் அந்த இடம் தெளிவாக ஒலிக்கிறது. நான்காம் கம்பியின் ஒன்பதாவது ஃப்ரெட்டில் மட்டும் லேசாக ஒரு மந்தம் உண்டு. கழற்றி மாட்டக்கூடிய எந்த நெக்கிலும் இப்படி ஓரிடம் எங்காவது இருக்கும் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். மற்றபடி கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பும் உடலும் அதே என்பதால் கிட்டாரின் குரல் மாறவில்லை. மாறியது கையின் உணர்வு. ஏழாவது ஃப்ரெட்டில் ஒரே விரலால் கம்பிகளைக் குறுக்கே அழுத்தும் பார் கார்டு பிடித்து ஒரு முழுப் பாட்டையும் வாசித்து முடிக்க முடிகிறது, சுருதியும் நிற்கிறது.

மொத்தம் 26,200 ரூபாய். அதற்குக் கொஞ்சம் மேலே போனால் ஒரு புதுக் கிட்டாரே கிடைக்கும் என்பது உண்மை. உடலும் பிக்கப்பும் சாதாரணமானவையாக இருந்தால் புதியதை வாங்குவதே சரி. நல்ல பிக்கப்பும் இசைவான உடலும் உள்ள கிட்டாரென்றால் இந்தச் செலவைத் தயங்காமல் செய்யலாம். ஆர்டர் செய்யும் முன் ட்யூனர் துளையின் அளவையும் நட் வெட்டப்பட்ட நிலையையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நவம்பர் மழையில் மரம் ஈரம் குடித்து நெக் சற்று முன்னால் வளைந்தது. பெரியவரைத் தொலைபேசியில் கேட்டேன். "கால் திருப்பு போதும், அதுக்கு மேல கை வைக்காதீங்க" என்றார். கீ குழியில் கச்சிதமாக உட்கார்ந்தது, கால் திருப்பு திருப்பினேன், மறுநாள் காலையில் கம்பியின் உயரம் பழைய அளவுக்கு வந்திருந்தது. அந்த நெக்கோடு வந்த கீயை இப்போது கிட்டார்ப் பெட்டியின் மூடியிலேயே கட்டி வைத்திருக்கிறேன். வேறு எந்தக் கீயையும் அந்தக் குழிக்குள் போகவிட மாட்டேன்.